முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை, ஓவனும் இல்லை… ஆனா குக்கீஸ் உண்டு!

எங்க கேங்ல ஒருத்தனுக்குப் பால் சேராது. யாரோட பிறந்தநாளா இருந்தாலும் கேக் வெட்டும்போது அவன் மட்டும் ஓரமா நின்னு கைதட்டுவான். அதைவிடக் கொடுமை, ரெண்டு வருஷமா அவன் பிறந்தநாளுக்கும் அவனால சாப்பிட முடியாத கிரீம் கேக்கைத்தான் வாங்கினோம். அவன் வெட்டினான், நாங்க சாப்பிட்டோம். மூணாவது வருஷம்தான் ஒருத்தருக்கு உறைச்சுது: "டேய், இவனுக்கு என்னடா இருக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. பால், நெய், வெண்ணெய், முட்டை, தேன் என விலங்குகளிடமிருந்து வரும் எதுவும் சேராத உணவைத்தான் 'வீகன்' என்கிறோம். பேரைக் கேட்டதும் பாதாம் பால், ஆளி விதை, ஆன்லைன் ஆர்டர் என்று பயப்பட வேண்டாம். தேவையான எல்லாமே உங்க வீட்டு மளிகை அலமாரியில் இருக்கு.

கடையில் வாங்கினா என்னன்னு கேக்கலாம். பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி, அது சைவம் என்று மட்டும்தான் சொல்லும். பால் பொருள் சேர்த்திருந்தாலும் அதே பச்சைப் புள்ளிதான். அதனால பின்பக்கம் இருக்கும் பொருள் பட்டியலைப் படிக்கணும்.

வெண்ணெயும் முட்டையும் என்ன வேலை செய்யுது?

ஒரு சர்க்யூட்ல ஒரு பாகத்தை மாற்றணும்னா, முதலில் அது என்ன செய்யுதுன்னு தெரியணும். இங்கேயும் அதே கதைதான்.

வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் குளூட்டன் என்னும் புரத வலை உருவாகும். சப்பாத்தி மாவு இழுத்தால் நீள்வது அதனால்தான். குக்கீக்கு அந்த இழுவை வேண்டாம், வாயில் போட்டால் பொடியணும். கொழுப்பு மாவுத் துகள்களைச் சுற்றிப் பூசிக்கொண்டு, தண்ணீர் சேராமல் தடுத்து, அந்த வலையைக் குட்டையாக்கும். இதைத் தேங்காய் எண்ணெயும் செய்யும். அது கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு என்பதால் 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் போதும்.

முட்டை மாவைக் கட்டிப்பிடிக்கும், காற்றைத் தேக்கி வைக்கும். உயரமா எழும்ப வேண்டிய கேக்குக்கு அது முக்கியம். தட்டையான மொறுமொறு குக்கீக்கு அவ்வளவு தேவையில்லை. சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீருமே ஒட்ட வைத்துவிடும். நம்ம பேக்கரி நான்கட்டாயிலேயே முட்டை கிடையாது. அதில் இருக்கும் நெய்யை மட்டும் மாற்றினால் வேலை முடிஞ்சுது.

தேவையானவை (சுமார் 14 குக்கீ)

- கோதுமை மாவு: 120 கிராம் (1 கப்)
- வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த வேர்க்கடலை: 30 கிராம்
- நாட்டுச்சர்க்கரை: 75 கிராம்
- தேங்காய் எண்ணெய்: 60 கிராம்
- பேக்கிங் பவுடர்: அரை டீஸ்பூன்
- ஏலக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை
- தண்ணீர்: 1 முதல் 2 டேபிள்ஸ்பூன்

பேக்கிங் பவுடருக்குப் பதிலா அதே அளவு சமையல் சோடாவைப் போட்டுடாதீங்க. பவுடருக்குள் சோடாவோடு அமிலமும் சேர்ந்தே இருக்கு. வெறும் சோடா அமிலம் இல்லாமல் சூடானால் சோடியம் கார்பனேட் மிஞ்சும். சோப்பைக் கடிச்ச மாதிரி இருக்கும்.

செய்முறை

1. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்து கிடப்பதும், சித்திரையில் தண்ணியா ஓடுவதும் அதனால்தான். ஓடுகிற எண்ணெயாக இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து, நெய் பதத்துக்கு உறைய விட்டு எடுங்க.

2. அதில் நாட்டுச்சர்க்கரையைச் சேர்த்து ஐந்து நிமிடம் நல்லாக் குழைங்க.

3. மாவு, வேர்க்கடலைப் பொடி, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலக்காய்ப் பொடி ஆகியவற்றைச் சலித்துச் சேர்த்து விரல் நுனியால் கலந்துவிடுங்க. பிசையக் கூடாது! தண்ணீரைச் சொட்டுச் சொட்டா விட்டு, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் வரை சேர்த்தால் போதும்.

4. எலுமிச்சையைவிடச் சின்ன உருண்டைகளாக உருட்டி, லேசா அமுக்கி, எண்ணெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு வைங்க. 15 நிமிடம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். குளிர்ந்த குக்கீ சூட்டில் சட்டென்று பரவாது.

ஓவன் இல்லையே?

ஓவன் இருந்தால் 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். இல்லாவிட்டால் அடி கனமான பழைய கடாய் போதும். நான்-ஸ்டிக் வேண்டாம். அடியில் ஒரு கப் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்க. உப்பு சூட்டைச் சமமா பரப்பும். 801 டிகிரி வரை உருகாது, கவலை வேண்டாம். பிறகு தட்டை வைத்து, மூடி, சிறு தீயில் 18 முதல் 22 நிமிடம். தட்டு கடாயின் ஓரத்தைத் தொடாமல் இருந்தால்தான் சூடான காற்று சுற்றி வரும்.

தண்ணீர் ஊற்றி குக்கரில் விசில் விட்டால் வேகாதா? வேகும், ஆனால் குக்கீ ஆகாது. தண்ணீர் இருக்கும்வரை குக்கருக்குள் வெப்பம் சுமார் 120 டிகிரியைத் தாண்டாது. குக்கீக்குப் பொன்னிறமும் மணமும் தரும் மெய்லார்ட் வினை வேகம் எடுப்பது சுமார் 140 டிகிரிக்கு மேல். நமக்கு வேண்டியது வறண்ட சூடு. ஆவியில் வெந்தால் அது இனிப்புக் கொழுக்கட்டைதான்.

ஓரம் பழுப்பானதும் எடுத்துடுங்க. தொட்டால் மெத்துன்னு இருக்கும். "வேகலையே" என்று திரும்ப உள்ளே வைக்காதீங்க. ஆறும்போது சர்க்கரைப் பாகு இறுகித் தானாகவே மொறுமொறுப்பாகும். எங்க முதல் ஈடு கருகியது இந்த அவசரத்தில்தான்.

சொதப்பினால்

உதிர்ந்து போகுதா? அடுத்த முறை ஒரு ஸ்பூன் தண்ணீர் கூட. கல்லு மாதிரி இருக்கா? பிசைஞ்சுட்டீங்க. அடி கருகி மேலே வெள்ளையா? தீ அதிகம். வாயு புகாத டப்பாவில் போட்டால் ஒரு வாரம் தாங்கும், நண்பர்கள் விட்டுவைத்தால்.

ரெண்டு எச்சரிக்கை. வீகன் என்றால் டயட் என்று அர்த்தமில்லை, இதிலும் சர்க்கரையும் எண்ணெயும் இருக்கு. அதைவிட முக்கியம், யாருக்காவது கொடுப்பதற்கு முன் வேர்க்கடலை அலர்ஜி இருக்கான்னு கேளுங்க. சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். அவங்களுக்குச் செய்வதாக இருந்தால் வேர்க்கடலைக்குப் பதில் வறுத்த தேங்காய்த் துருவலைப் போட்டு, வேர்க்கடலை படாத மிக்ஸி ஜாரையும் பாத்திரத்தையும் பயன்படுத்துங்க.

ஹாஸ்டல் ரூமில் இதை முயற்சி பண்ண வேண்டாம், வார்டன் மேல பயம் இருக்கு. அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது பண்ணி, ஒரு டப்பா கொண்டு வாங்க. நாங்க அப்படித்தான் செஞ்சோம். இந்தத் தடவை அவன் கைதட்டலை. வாய் நிறைய குக்கீயோட, "இன்னும் இருக்காடா?"ன்னு கேட்டான்.