தலைவலி என்றால் சாக்கா?

நெய்க்காரப்பட்டிப் பக்கம் கரும்பு வெட்டப் போகும் தலித் பெண்கள் மண்டையிடி என்று வரப்பில் உட்கார்ந்தால், தோட்டத்துக்காரருக்கு அது சாக்கு. அன்றைய கூலி போச்சு. அதனால்தான் முந்தானையில் மாத்திரை முடிந்துகொண்டு போகிறோம்.

பெங்களூரு நிமான்ஸ் ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் வீடு வீடாகக் கேட்டு 2015இல் வெளியிட்ட கணக்கில், பெரியவர்கள் 100 பேரில் 25 பேருக்கு ஒற்றைத் தலைவலி. நகரத்தைவிடக் கிராமத்தில்தான் தலைவலிக்காரர்கள் அதிகம். நரம்பியல் பிரிவைத் தேடி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போனால், 100 கி.மீ.க்கு மேல். பெண்களுக்கு இலவசப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி.

எல்லாத் தலைவலிக்கும் மதுரை வேண்டியதில்லை. அடிக்கடி வராமல் தடுக்கும் புரோப்ரனலால் விலை மலிவு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே பார்த்து எழுதித் தரலாம் (ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது). கடை மாத்திரையை மாதம் 15 நாள் விழுங்கினாலோ, அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வாசலுக்கு வருகிறது. வருபவர்கள் தலைவலியையும் கேட்டு எழுதட்டும். நாமும் மறைக்காமல் சொல்வோம். திடீரென மண்டை பிளப்பதுபோல் வலித்தாலோ, வாய் கோணினாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே 108.