பனியன் துணிக்குள் இருபடிச் சமன்பாடு... தெரியுமா?

திருப்பூரில் துணி சோதிக்கும் மேஜையைப் பார்த்திருக்கிறீர்களா? வட்டமான ஜி.எஸ்.எம். கட்டரைத் துணிமேல் வைத்து, அழுத்தி ஒரு திருகு! பில்லை போல ஒரு துண்டு கையோடு வந்துவிடும். தராசு 1.8 கிராம் காட்டினால், துணி 180 ஜி.எஸ்.எம்.! அதாவது, சதுர மீட்டருக்கு 180 கிராம்.

எப்படி இவ்வளவு சுலபம்? அந்தப் பில்லையின் பரப்பு 100 சதுர செ.மீ.; சதுர மீட்டரில் சரியாக நூறில் ஒரு பங்கு! அதற்கு 3.1416 × ஆரம் × ஆரம் = 100 ஆக வேண்டும். ஆரம் 5.64 செ.மீ., விட்டம் 11.28 செ.மீ. கட்டரின் அளவே ஓர் இருபடிச் சமன்பாட்டின் விடை!

இன்னும் இருக்கிறது. கட்டிங் டேபிளில் ஒரு செவ்வகத் துண்டு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அகலத்தைவிட நீளம் 6 அங்குலம் கூடுதல். பரப்பு 91 சதுர அங்குலம். அகலம் எவ்வளவு? அகலம் 'அ' என்றால், அ² + 6அ = 91.

கத்தரிக்கோலே விடை சொல்லும், தெரியுமா?
துண்டிலிருந்து 'அ' பக்கமுள்ள சதுரத்தை வெட்டுங்கள். 6 அங்குலப் பட்டை மிஞ்சும். அதை 3 அங்குலப் பட்டைகள் இரண்டாக்கி, சதுரத்தின் வலப்புறம் ஒன்று, கீழே ஒன்று சேருங்கள். பெரிய சதுரம் வந்துவிட்டது, ஒரு மூலை மட்டும் காலி! அங்கே 3 × 3 ஒட்டுத்துணி வையுங்கள். 91 + 9 = 100. பக்கம் 10. சேர்த்த 3-ஐக் கழித்தால், அகலம் 7! 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தின் கணிதர் அல்-குவாரிஸ்மி இப்படித்தான் படம் வரைந்து விளக்கினார். 'வர்க்கப் பூர்த்தி' என்று பாடத்தில் வருவது இந்த மூலை ஒட்டுத்தான். 'அல்காரிதம்' என்ற சொல்லும் அவர் பெயரிலிருந்து வந்ததே!

இரண்டே எண்கள் போதும், தெரியுமா?
அதே சமன்பாட்டை அ² + 6அ − 91 = 0 என்று எழுதுங்கள். கூட்டினால் 6, பெருக்கினால் −91. எந்த எண்கள்? 13, −7! ஆக, (அ + 13)(அ − 7) = 0. மறுபடியும் 7! இது காரணிப்படுத்தல்.

பின்னமே வராத இந்திய வழி, தெரியுமா?
அ² + 6அ = 91-ஐ இருபுறமும் 4-ஆல் பெருக்கி, 6-இன் வர்க்கமான 36-ஐக் கூட்டுங்கள். (2அ + 6)² = 400. 2அ + 6 = 20. அதே 7! இது கணிதர் ஸ்ரீதரரின் விதி. அவருடைய இயற்கணித நூல் தொலைந்துபோனது. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் தம் 'பீஜகணித'த்தில் எடுத்துச் சொன்னதால் விதி பிழைத்தது. பள்ளிச் சூத்திரத்தின் உயிரும் இதுதான்!

2019-லும் ஒரு வழி பரபரப்பானது, தெரியுமா?
கார்னகி மெல்லன் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ-ஷென் லோ சொன்னது: இரு விடைகளின் கூட்டல், 6-இன் குறி மாறி, −6 என்றால் நடுப்புள்ளி −3. இரண்டும் அதிலிருந்து ஒரே தூரம். பெருக்கல் −91 ஆக, 9 − தூரம்² = −91. தூரம் 10. விடைகள் 7, −13! பாதியை எடுத்துத் தொடங்கும் இந்த உத்தி, பழைய பாபிலோன் களிமண் பலகைகளிலும் உண்டு.

−13-க்கும் பொருள் உண்டு, தெரியுமா?
துணிக்கு அந்த அகலம் இருக்க முடியாது. ஆனால் கணக்கு நோட்டில் குறை எண்ணுக்கு இடமுண்டு. 628-லேயே கணிதர் பிரம்மகுப்தர் அதைக் 'கடன்' என்றார், மிகை எண்ணைத் 'தனம்' என்றார். வரவும் பற்றும் எழுதிப் பழகிய பனியன் நகரத்துக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா?

பக்கத்து ஊர்ப் பையன், தெரியுமா?
1887-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், பள்ளி வயதிலேயே, இருபடியையும் தாண்டி, நான்காம் படிச் சமன்பாட்டுக்குத் தானாக ஒரு வழி கண்டுபிடித்தார்!

நம் துணித் துண்டுக்கு வழிகள் நான்கு, விடை ஒன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால், சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லும் முன் 7-க்கு 13 அங்குலத்தில் ஒரு பனியன் துண்டும் கத்தரிக்கோலும் கொடுங்கள். காலியான அந்த மூலையை அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்!