உடலுக்கும் ஓய்வு வேண்டும்: யப்பானின் வெந்நீர் நகரம் பெப்பு

திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை எம்மில் பலர் அறிவோம். இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைகளை முடித்து, ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளித் தோய்ந்து வருவார்கள். துயரத்தோடு போனவருக்கு அந்த இளஞ்சூட்டு நீர் தரும் ஆறுதலும் எமக்குப் புதிதல்ல. யப்பானிலோ இத்தகைய வெந்நீரைச் சுற்றி ஒரு நகரமே வளர்ந்திருக்கிறது. அதன் பெயர் பெப்பு.

தெற்கே கியூஷு தீவில், கடலுக்கும் எரிமலைக்கும் இடையே அமைந்த நகரம் இது. இங்கே 2,000இற்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, எரிமலையின் வெப்பத்தால் சூடேறி மீண்டும் மேலே வருகிறது. வீதியோர வடிகால்களிலிருந்து கூட ஆவி எழுந்துகொண்டிருக்கும்.

இன்று உல்லாசப் பயணிகள் நிறைந்த இடமாக இருந்தாலும், இது வசதி படைத்தவர்களால் மட்டும் வளர்ந்த நகரம் அல்ல. வயல் வேலை முடிந்த விவசாயக் குடும்பங்கள் அரிசியையும் மரக்கறியையும் சுமந்துகொண்டு இங்கு வந்தன. வாடகை அறையில் நாட்கணக்கில் தங்கித் தாமே சமைத்து உண்டு, தினமும் வெந்நீரில் குளித்துக் களைப்பாறிச் சென்றன. இதனை 'தோஜி' என்பர். வெந்நீரால் உடலைத் தேற்றுதல் என்பது அதன் பொருள். நகரின் கன்னவா என்னும் பகுதியில் நிலத்தடி ஆவியிலேயே முட்டை, வத்தாளங்கிழங்கு, மரக்கறி என்பவற்றை இன்றும் அவித்து எடுக்கிறார்கள். விறகும் வேண்டியதில்லை, அடுப்பங்கரைப் புகையும் இல்லை.

கன்னவாவில் ஒரு ஆவிக் குளியல் அறை உண்டு. 1276ஆம் ஆண்டில் இப்பென் என்ற பௌத்த துறவி அதை ஏற்படுத்தியதாக மரபு கூறுகிறது. சிறு கதவினால் குனிந்து உள்ளே போய், நிலத்தில் பரப்பிய மூலிகையின் மேல் சில நிமிடங்கள் படுத்திருக்க வேண்டும். அந்த மூலிகை எமது கைமருந்தான வசம்பின் இனத்தைச் சேர்ந்தது. 1879இல் தொடங்கிய தக்கெகவாரா குளியல் இல்லத்தில் மண் குளியலும் உண்டு. மெல்லிய பருத்தி அங்கி அணிந்து படுத்திருப்பவரைச் சூடான மணலால் கழுத்துவரை மூடிவிடுகிறார்கள்.

யப்பானிய வழக்கப்படி ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு தொட்டிகள் உள்ளன. முதலில் உடலை நன்கு கழுவிவிட்டு, ஆடையின்றியே எல்லோரும் ஒரே தொட்டியில் இறங்குவார்கள். இங்கேதான் எமக்கு நெருக்கமான ஒரு கேள்வி எழுகிறது. உடலில் தழும்பு உள்ள பெண் என்ன செய்வாள்?

1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீசப்பட்டது. உயிர் தப்பிய பெண்களில் பலர், தீக்காயத் தழும்புகளைப் பிறர் பார்ப்பார்களே என்று அஞ்சிப் பொதுக் குளியல் இல்லங்களைத் தவிர்த்தார்கள். இவ்வாறு பாதிக்கப்பட்டோர் வந்து தங்கிக் குளிப்பதற்கென்றே பெப்புவில் ஒரு இல்லம் பல ஆண்டுகள் இயங்கி, பின்னர் மூடப்பட்டது. அங்கே தழும்பை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வந்த எல்லோருக்கும் அது தெரிந்த கதை.

2012இல் இன்னொரு முயற்சி தொடங்கியது. மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை செய்த பெண்கள் கூச்சமின்றிக் குளிக்க உதவும் விடுதிகள் யப்பானில் ஒரு வலையமைப்பாக இணைந்தன. தழும்பை மறைக்கும் விசேட குளியல் ஆடையோடு தொட்டியில் இறங்கவும் பல இடங்களில் இடமளிக்கப்படுகிறது.

வெந்நீர் எல்லா நோயையும் மாற்றும் மருந்து அல்ல. இழந்தவர்களை அது திருப்பித் தராது. ஆனால் சூட்டினால் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இறுகிய தசைகள் இளகுகின்றன, நீரில் மூழ்கியிருக்கையில் மூட்டுகளின் பாரம் குறைகிறது. இதனை முறையாக ஆராய்வதற்காகவே 1931இல் கியூஷு பல்கலைக்கழகம் பெப்புவில் ஒரு நிலையத்தை அமைத்தது. அது இன்று வைத்தியசாலையாக இயங்குகிறது.

நாம் பெப்புவுக்குப் போக வேண்டியதில்லை. இரவில் வேலைகள் முடிந்ததும் ஒரு பேசினில் இளஞ்சூட்டு நீர் நிரப்பி, பத்துப் பதினைந்து நிமிடம் கால்களை வைத்திருக்கலாம். பக்கத்து வீட்டுச் சகோதரியையும் கூப்பிட்டால் இருவருமாகக் கதைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும்:

• நீரின் சூட்டை முழங்கையால் பார்த்த பின்னரே காலை வையுங்கள்.

• நீரிழிவு நோயாலோ பழைய காயத்தாலோ கால் விறைத்திருந்தால் சூடு தெரியாது. இவர்கள் வைத்தியரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

• ஆறாத புண், காய்ச்சல் உள்ளபோது தவிர்த்துவிடுங்கள்.

• கர்ப்பிணிகளும் இருதய நோய், குருதியமுக்கம் உள்ளவர்களும் முதலில் வைத்திய ஆலோசனை பெறுங்கள்.

வீட்டில் எல்லோரும் உண்டு உறங்கிய பின்னரே தன்னை நினைப்பது எமது பெண்களின் பழக்கம். தனித்து நின்று குடும்பத்தைச் சுமப்பவளுக்கு அந்த நேரமும் கிடைப்பதில்லை. வயல் வேலை செய்த யப்பானியப் பெண்ணும் உழைத்த உடலுக்கு ஓய்வு கடமை என்றே அங்கு வந்தாள். அந்தக் கால் மணி நேரத்தை நீங்களும் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.