உட்கார்ந்தால் பசி குறையுமா?

ஊரில் அப்பா வயல் வேலை பார்த்தார். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டார். உடம்பு கட்டாக இருந்தது. மகன் மும்பைக்கு வந்து ஆபீசில் கணக்கு எழுதுகிறார். நாற்பது வயதில் டாக்டர், "சர்க்கரை இருக்கிறது" என்கிறார். "அப்பா சாப்பிட்டதில் பாதிகூட நான் சாப்பிடுவதில்லையே, எனக்கு எப்படி வந்தது?" என்று மகன் கேட்கிறார்.

நம்மில் பலருக்கும் உள்ள கேள்விதான் இது. வேலை குறைந்தால் பசியும் தானாகவே குறைந்துவிடும் என்றுதான் நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அந்த எண்ணம் சரியா என்று ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் சோதித்துப் பார்த்தார். சோதித்த இடம் அமெரிக்கா அல்ல. நம் நாட்டில், வங்காளத்தில் உள்ள ஒரு சணல் ஆலை!

சணல் ஆலையில் ஆராய்ச்சி

அந்தப் பேராசிரியர் ஜான் மேயர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உணவியல் துறையில் பணியாற்றியவர். உடலுழைப்பு மாறும்போது எலிகள் தின்னும் அளவு எப்படி மாறுகிறது என்று முதலில் பார்த்தார். பிறகு மனிதர்களிடம் வந்தார். கல்கத்தாவுக்கு அருகே செங்காயில் என்ற ஊரில் இருந்த லட்லோ சணல் ஆலையில், ராய், மித்ரா என்ற இரு ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து 213 ஆண்களின் உணவையும் எடையையும் வேலையையும் ஆராய்ந்தார். முடிவுகள் 1956-ல் வெளியாயின.

இந்த ஆலையில் எல்லா வகை உழைப்பும் இருந்தது. ஒரு பக்கம் மூட்டை சுமப்பவர்கள், நிலக்கரி அள்ளுபவர்கள். இன்னொரு பக்கம் மேஜையடியில் குமாஸ்தாக்கள். இவர்களுக்கெல்லாம் மேலாக, காலை முதல் இரவு வரை கடையில் அமர்ந்தே இருக்கும் கடைவீதி வியாபாரிகள். குமாஸ்தாக்களிலும் வேற்றுமை உண்டு: ஆலையை ஒட்டியே குடியிருந்தவர்கள் சிலர், தினமும் வெகுதூரம் நடந்தே வேலைக்கு வந்தவர்கள் சிலர்.

லேசான வேலையிலிருந்து கடின வேலை வரை போகப் போக, சாப்பாட்டின் அளவும் கூடியது. இதில் வியப்பில்லை, உழைத்தவர் உழைப்புக்குத் தக்கபடி உண்டார், எடை ஏறவில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்தவர்களிடம் கணக்கு தலைகீழானது. லேசான வேலை செய்தவர்களைவிட அவர்கள் குறைவாகச் சாப்பிடவில்லை, அதிகமாகவே சாப்பிட்டார்கள்! எடையும் அவர்களிடம்தான் மிகுந்திருந்தது.

அதாவது, உழைப்பு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் உடம்புக்கு எவ்வளவு தேவை என்பதைப் பசி சரியாகச் சொல்வதில்லை. கடாவைக் கொழுக்க வைக்க விரும்புகிறவர்கள் அதை மேய விடாமல் கட்டிப்போட்டுத் தீனி வைப்பது இதனால்தான். ஆபீசில் நம்மைக் கட்டிப்போட்டிருப்பது கயிறல்ல, நாற்காலி.

"நான் ஒல்லிதானே!"

எடை ஏறாதவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருவருக்கும் ஒன்றேதான். ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; யாக்னிக் உடலில் 21.2 சதவீதம்! இந்தியர்கள் பலர் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு மிகுந்தவர்கள் என்பதற்கு இது அடையாளம்.

சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டியவை தசைகள். அவை வேலையில்லாமல் கிடந்தால் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் சக்தி மங்குகிறது. நடக்கும்போது அதே தசைகள் சர்க்கரையைச் சுறுசுறுப்பாக எடுத்துச் செலவழிக்கின்றன.

சென்னை காட்டிய வழி

சணல் ஆலை ஆராய்ச்சி, இருப்பதைப் பார்த்து எழுதியது. பழக்கத்தை மாற்றினால் பலன் உண்டா? இதற்குச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய சோதனை பதில் தந்தது. முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேர் இதில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினரிடம் சர்க்கரை, எண்ணெய், வெள்ளை அரிசி, மைதா போன்றவற்றைக் குறைத்து, தினமும் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே வேலைக்காக அவ்வளவு நடப்பவர்களையும் சைக்கிள் மிதிப்பவர்களையும் அதை விடாமல் தொடரச் சொன்னார்கள்.

மூன்று ஆண்டுகளில், சாதாரண அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றியவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவில்லை! நோய் எல்லோரையும் விட்டுவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் நூற்றில் 16 பேர் தப்பியது சிறிய காரியமா?

2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. வெளியூரில் தனியாக உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் படுத்துவிட்டால், இரண்டு ஊர்களில் அடுப்பு அணையும்.

வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கும் நடப்பதை, "ஷேர் ஆட்டோ வந்துவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். செங்காயிலில் நடந்தே வந்த குமாஸ்தாக்களை நினைத்துக் கொள்ளுங்கள். மெஸ்ஸில் இரண்டாம் முறை சாதம் வாங்கும் முன், இன்று எவ்வளவு நடந்தோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள், பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் அவசியம், ஆண்டுக்கொருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்து சாப்பிட்டு வருபவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நடையைத் தொடங்குவது நல்லது.