படம் வரையத் தெரியாதா? மரக்காணம் உப்பளத்துக்கு வாங்க!

ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து "ஏதாவது படம் போடுங்க" என்று சொன்னால், நம்மில் முக்கால்வாசிப் பேர் என்ன போடுவோம்?

இரண்டு மலை. நடுவில் சூரியன். ஒரு ஆறு. கரையில் குடிசை, பக்கத்தில் தென்னைமரம். வானத்தில் நாலு காக்கா!

மெரினா பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவரும் இதைத்தான் போடுவார். மலையைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கவே மாட்டார்.

கண் பார்ப்பதைக் கை போடுவதில்லை. மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததைப் போடுகிறது. கணக்குப் பாடம் பாக்கி என்று டிராயிங் பீரியடைப் பிடுங்கிக் கொண்டார்கள். அதோடு சரி. நாற்பது வயசிலும் அதே மலை, அதே சூரியன். "நமக்கெல்லாம் படம் வராது சார்" என்று ஒரே போடு!

நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான்.

இதற்கு மருந்து சென்னையில் இருந்து சுமார் 120 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கிழக்கு கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பஸ்சில் போனவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். மரக்காணம் உப்பளம்!

கோடும் கட்டமும்

அங்கே வரைவதற்கு அதிகம் எதுவும் கிடையாது. அதுதான் வசதி. தட்டைத் தரை. கட்டம் கட்டமாகப் பாத்தி. நடுவே வரப்பு. வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல். தூரத்தில் பனைமரம்.

முதலில் வானமும் தரையும் சேரும் கோட்டைப் போடுங்க. ஸ்கேல் வேண்டாம். இரண்டு புள்ளி வைத்து, மணிக்கட்டை மடக்காமல் முழுக் கையையும் இழுத்தால் கோடு நேராக வரும். வாசலில் கோலம் போடும் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கோடு உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். நீங்கள் உட்கார்ந்தால் அதுவும் உட்காரும். எழுந்தால் எழும்.

எதிரே நேராக ஓடும் இரண்டு வரப்பும் கடைசி வரை ஒரே இடைவெளிதான் என்று நமக்குத் தெரியும். அதனால் தாளிலும் அப்படியே போட்டு விடுகிறோம். ஆனால் கண்ணுக்கு அவை போகப் போக நெருங்கி, அந்தக் கோட்டில் ஒரே புள்ளியில் முட்டுகின்றன. கிட்டே உள்ள பாத்தி விரித்த பாய் மாதிரி. பத்தாவது பாத்தி வெறும் கீற்று. இந்தக் கணக்கை இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து புருனலெஸ்கி செய்து காட்டியது 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

குமாஸ்தா ஓவியர்

கண்ணை நம்ப முடியவில்லையா? பழைய காலண்டர் அட்டையில் ஜன்னல் வெட்டி, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டுங்க. தாளிலும் அதே கட்டம். எந்தக் கட்டத்தில் எது தெரிகிறதோ, அதை அங்கே போட வேண்டியதுதான்.

ஏமாற்று வேலை என்று நினைக்காதீங்க. ஓவியர் வான்கோ 1882-ல் இப்படி ஒரு சட்டம் செய்து, ஹாலந்தில் ஹேக் நகரத்துக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனார். 1877-ல் புத்தகக் கடையில் குமாஸ்தா வேலை பார்த்தவர் அவர். ஓவியர் ஆவது என்று முடிவு செய்தது 1880-ல், 27 வயதில்!

உப்பு மலை

இனி குவியல். கோபுரம் மாதிரி உயர்த்தி விடாதீங்க. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் உயரத்தை அளங்க. அகலத்தில் அது எத்தனை தடவை அடங்குகிறது? நினைத்ததைவிடக் குவியல் படுத்துத்தான் கிடக்கும்.

வெள்ளை உப்பை வெள்ளைத் தாளில் எப்படிப் போடுவது? போடவே கூடாது! உப்பைத் தொடாமல், பின்னால் இருக்கும் வானத்தையும் கீழே தரையையும் தீட்டுங்க. வெயில் படாத பக்கம் மட்டும் லேசாக. கோட்டுக்கு எச்.பி. பென்சில். நிழலுக்கு 2பி, 6பி. எண் ஏற ஏறக் கருப்பு ஏறும்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் போட்ட ஒன்று, முதல் முறையாக, அதுவாகவே தாளில் தெரிந்தது!

உப்பு வாருகிறவர்கள் நமக்காக நிற்க மாட்டார்கள். பலகை மாட்டிய கழி ஒரு கோடு, வளைந்த முதுகு ஒரு கோடு. போதும்.

மரக்காணம் போக முடியாதவர்கள் ஒரு கை கல் உப்பைக் கருப்புத் துணியில் கொட்டி, பக்கத்தில் விளக்கு வைக்கலாம். மளிகைக் கடைக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம், மூட்டை கடையிலேயே இருக்கிறது. மின்சார ரெயிலில் போகிறவர்கள் தாளைப் பார்க்காமல், இடது கையை மட்டும் பார்த்து அதன் ஓரத்தை வரையலாம். அமெரிக்க ஓவிய ஆசிரியர் நிக்கோலைடஸ் எழுதி 1941-ல் வெளிவந்த புத்தகத்தில் உள்ள பயிற்சி இது. கோணல்மாணலாக வரும். வரட்டும்.

உப்பளத்துக்கு உச்சி வெயிலில் போகாதீங்க. நிழலே இருக்காது. மாலை நாலு மணிக்குக் குவியலின் நிழல் கடல் பக்கம் நீளும். ஐப்பசி மழை பிடித்தால் பாத்தி எல்லாம் தண்ணீர்.

கேட்காமல் வரப்பில் ஏறாதீங்க. உடைந்தால் மண் சுமந்து கட்டுகிறவர்கள் அவர்கள். ரோட்டோரம் உட்கார்ந்தாலே எல்லாம் தெரியும்.