ஒரு லட்சம் ரூபாய்க் கோடும் முதியோர் பென்ஷனும்

கேரளத்தில் 60 வயது கடந்தவர்களுக்கான மாத பென்ஷன் 2025 நவம்பரில் 1,600 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. வயது மட்டும் இருந்தால் கிடைத்துவிடாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. நிலம் இரண்டு ஏக்கருக்கு மேல் இருக்கக் கூடாது; இதில் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு.

ஒரு லட்சம் என்பது மாதத்துக்கு 8,333 ரூபாய்தான். தோட்டக் கூலி இன்று நாளொன்றுக்கு 400 ரூபாய்க்கு மேல். மூணாறு தோட்டக் குடியிருப்பான லயத்தில் கல்யாணமாகாத மகன் மாதம் 25 நாள் வேலைக்குப் போனாலே ஆண்டுக்கு 1,20,000 வந்துவிடும். அம்மாவுக்கு பென்ஷன் இல்லை. அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அவன் சம்பளம் கணக்கில் சேராது. இது தெரியாமல் வீட்டிலுள்ள எல்லோருடைய வருமானத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு பஞ்சாயத்தில் போய் நின்று பயனில்லை. அக்ஷயா சேவை மையத்தில் வருமான சர்ட்டிபிகேட்டுக்குப் பதியும்போதே மணமான பிள்ளைகளின் வருமானத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த வருமானச் சோதனை பணக்காரரை வடிகட்டுவதைவிடக் காகிதம் இல்லாதவரைத்தான் அதிகம் வடிகட்டுகிறது. 2019-க்குள் பென்ஷன் பெற்றவர்கள் எல்லோரும் 2023 பிப்ரவரி 28-க்குள் புதிய வருமான சர்ட்டிபிகேட் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் மலையாளம் படிக்கத் தெரியாத கிழவிக்கு அந்தத் தேதியை யார் போய்ச் சொல்வது? மறுபக்கம், 1,458 அரசு ஊழியர்கள் சமூகப் பாதுகாப்பு பென்ஷன் வாங்கிவந்தது 2024 நவம்பரில்தான் வெளிவந்தது. 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பொய்க் கணக்கு கொடுப்பவர்கள் அந்த வட்டியை நினைவில் வைக்கட்டும்.

2023 நவம்பரில் இடுக்கி அடிமாலியில், பென்ஷன் நிலுவை கேட்டு இரண்டு மூதாட்டிகள் சட்டியேந்தித் தெருவில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவருக்கு நிலபுலன் இருப்பதாக ஒரு கட்சி நாளேடு எழுதியது. அவர் பேரில் நிலமில்லை என்று வில்லேஜ் ஆபீசில் சான்று வாங்கிக் காட்டிய பிறகுதான் அந்த ஏடு வருத்தம் தெரிவித்தது. சந்தேகம் கிளம்பினால் நிரூபிக்கும் வேலை முதியவர் தலையில்தான் விழுகிறது. அப்படியொரு சான்றின் நகல் வீட்டில் இருப்பது நல்லது.

பென்ஷன் நின்றால் முதலில் ஆண்டு மஸ்டரிங் (உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் பதிவு) முடிந்ததா என்று பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து செய்ய வேண்டும். அதுவும் சரியென்றால் பஞ்சாயத்து செயலாளரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மனுவைக் கொடுத்ததும் ரசீது வாங்க மறக்காதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம்.