அரபி எழுத்துகளுக்குள் ஒரு கிறிஸ்தவ அரசனின் அரண்மனை

தெற்கு ஸ்பெயினின் செவீயா நகரத்துக்குப் போகிறவர்கள் எப்படியும் ஒருமுறை பிளாசா தெல் திரியுன்ஃபோ சதுக்கத்துக்கு வந்து நிற்பார்கள். ஒரு பக்கம் பெருந்தேவாலயம். எதிரே அல்காசர் அரண்மனை. இரண்டுக்கும் அருகிலேயே, ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களைப் பற்றிய பழைய ஆவணங்களைக் காத்துவரும் காப்பகம். மூன்றையும் சேர்த்து 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழைய ஊரை எங்கிருந்து சுற்றத் தொடங்கலாம் என்று கேட்டால் இந்தச் சதுக்கத்தைத்தான் சொல்வேன். இங்குள்ள சுவர்களை வாசிக்கப் பழகிவிட்டால் மற்றத் தெருக்கள் எளிதில் பிடிபடும்.

அதற்கு முன் ஓர் ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்: 1248. ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த செவீயாவை, காஸ்தில் நாட்டின் கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ அந்த ஆண்டில்தான் கைப்பற்றினார். பிறகு இந்த நகரம் முஸ்லிம் ஆட்சிக்குத் திரும்பவே இல்லை. எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும், அது 1248க்கு முந்தியதா பிந்தியதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சதுக்கத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஹிரால்டா கோபுரம் தெரியும். உயரம் சுமார் 104 மீட்டர். இதைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டு போவோம். அடித்தளத்தில், லத்தீன் எழுத்து பொறித்த ரோமானியக் கற்கள் சில இருக்கின்றன; இன்னும் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்துவந்து பதித்தவை. அதற்கு மேலே எழும் செங்கல் உடல், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட அல்மொகாத் வம்சத்தார் 1184இல் தொடங்கி 1198இல் முடித்த பள்ளிவாசல் மினாரா. உச்சியில் இருந்த பொன்முலாம் பூசிய செப்பு உருண்டைகள் 14ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டன. இப்போது அங்கே இருக்கும் மணிக்கூண்டு, 1558 முதல் 1568 வரை எர்னான் ரூயிஸ் என்ற கட்டடக்கலைஞர் எழுப்பியது. மணிகள் தொங்கும் இடத்தை நெருங்கும் வரைக்கும் படிக்கட்டுகள் கிடையாது. 35 சாய்தளங்கள் சுற்றிச் சுற்றி மேலேறுகின்றன. நடந்து ஏறுவது அதிகம் சிரமமில்லை.

கோபுரத்தை ஒட்டி நிற்கும் பெருந்தேவாலயத்துக்கு வருவோம். நகரத்தைக் கைப்பற்றிய கிறிஸ்தவர்கள் இங்கிருந்த பெரிய பள்ளிவாசலை உடனே இடித்துவிடவில்லை. அதையே தேவாலயமாக்கி, ஒன்றரை நூற்றாண்டு அங்கேயே வழிபட்டார்கள். புதிதாக ஒன்று கட்டுவதென்று 1401இல்தான் முடிவாயிற்று. பெரும்பகுதி வேலை 1506இல் முடிந்தது. கூரான வளைவுகளும் வானளாவும் தூண்களும் கொண்ட கட்டட முறையை கோதிக் என்பார்கள். அந்த முறையில் எழுந்த தேவாலயங்களில் இதுவே மிகப் பெரியது. அப்போதும் மினாரா தப்பியது. தொழுகைக்கு முன் கை கால் கழுவிய முற்றமும் தப்பியது. இன்று ஆரஞ்சு மரங்கள் வரிசையாக நிற்கும் அந்த முற்றத்தைப் பயணிகள் தவறாமல் பார்க்கிறார்கள்.

இங்கே வருகிற பெரும்பாலோருக்கு ஏற்படும் குழப்பம் எதிர்ப்புறம் அல்காசருக்குள் போனதும் தொடங்குகிறது. சிங்க வாசல் வழியாக நுழைந்து சற்று நடந்தால் விரிந்த முற்றம் ஒன்று வரும். அதன் எதிரே அரண்மனையின் முகப்பு. இழை இழையாகச் செதுக்கிய சாந்து வேலை, வண்ண ஓடுகள், அரபி எழுத்துகள். பார்த்தவுடன் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: “இது முஸ்லிம் சுல்தான்கள் கட்டியது; கிறிஸ்தவ மன்னர்கள் பிடித்துக்கொண்டார்கள்.” அல்காசர் வளாகத்தின் சில மதில்களுக்கும் முற்றங்களுக்கும் இது பொருந்தும். நம் முன்னே நிற்கும் இந்த அரண்மனைக்குப் பொருந்தாது. இதைக் கட்டச் சொன்னவர் காஸ்திலின் கிறிஸ்தவ மன்னர் முதலாம் பெத்ரோ. முகப்பு முடிந்தது 1364இல். செவீயா கைமாறி அப்போதே 116 ஆண்டுகள் ஆகிவிட்டன.

சாட்சி அந்த முகப்பிலேயே இருக்கிறது. வாசலுக்கு மேல், நீலமும் வெள்ளையுமான ஓடுகளில், கட்டம் கட்டமான அரபி எழுத்தில் “இறைவனைத் தவிர வெற்றியாளர் இல்லை” என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. அது முஸ்லிம் அரசான கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் வம்சத்தின் முழக்கம். அதைச் சுற்றிலும் சட்டம்போல ஓடும் கோதிக் எழுத்துகள் காஸ்திலிய மொழியில், இந்த மாளிகைகளைக் கட்டச் சொன்னவர் மன்னர் தோன் பெத்ரோ என்கின்றன. ஆண்டு 1402 என்று அதில் இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். அக்கால ஸ்பெயினில் வழங்கிய ஆண்டுக் கணக்கு நம் கணக்கைவிட 38 ஆண்டுகள் முன்னால் ஓடியது. கழித்துப் பார்த்தால் 1364 சரியாக வரும்.

கிறிஸ்தவ அரசருக்கு வேறு வகையில் கட்டிக்கொள்ள வழியில்லாமல் போயிற்றா? வழி இருந்தது, அதுவும் கூப்பிடு தூரத்தில். அவருடைய முன்னோரான பத்தாம் அல்போன்சோ, ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே வளாகத்தில் கோதிக் அரண்மனை ஒன்றைக் கட்டியிருந்தார். அது இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துப் பழகியவர்தான் பெத்ரோ. தெரிந்தே இந்த முறையைத் தேர்ந்தெடுத்தார்.

காரணத்தை இப்படிப் பார்க்கலாம். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும்போது, நெய்தவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று நாம் கேட்பதில்லை. கைவேலை உயர்வாக இருக்கிறதா என்றுதான் விரித்துப் பார்க்கிறோம். 14ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அரசர்களின் கண்ணுக்கு உயர்வாகப் பட்ட கைவேலை கிரனாடாவின் வேலைதான். அங்கே ஆண்ட ஐந்தாம் முகம்மது, பறிபோன அரியணையை 1362இல் பெத்ரோவின் உதவியோடு மீட்டவர். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையிலுள்ள புகழ்பெற்ற சிங்க முற்றமும் அவர் காலத்ததே. கிரனாடாவிலிருந்தும் தொலெதோ நகரிலிருந்தும் வந்த கைவினைஞர்கள், செவீயாவின் சொந்தக் கைவினைஞர்களோடு சேர்ந்து பெத்ரோவுக்காக வேலை செய்தார்கள். கிறிஸ்தவர்களின் ஆட்சிக்குள் தங்கி வாழ்ந்த முஸ்லிம்களை முதெஹார் என்பார்கள். அவர்களிடமிருந்து வளர்ந்த இந்தக் கட்டட முறைக்கும் அதுவே பெயர்.

உள்ளே போய்க் கன்னியர் முற்றத்தில் சற்று நிற்போம். நடுவில் நீண்ட நீர்த்தொட்டி, இரு பக்கமும் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்ந்த தோட்டம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை மூடிப் பளிங்குத் தளம் போட்டுவிட்டார்கள். 2002இல் தொடங்கிய அகழாய்வுக்குப் பிறகுதான் தோட்டம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. கீழ்த்தளத்து வளைவுகள் பெத்ரோ காலத்தவை. மேல்மாடி 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. முற்றத்தை ஒட்டிய தூதர் மண்டபத்தின் பெரிய மரக்கதவையும் தவறவிடாதீர்கள். தொலெதோ தச்சர்கள் 1366இல் செய்தது. ஒரு பக்கத்து அரபி எழுத்துகள் பெத்ரோவை சுல்தான் என்றே அழைக்கின்றன. மறு பக்கத்தில் விவிலிய வசனங்கள்.

இதையெல்லாம் பார்த்ததும், கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் என்ற மூன்று மதத்தாரும் ஒற்றுமையாக வாழ்ந்த பொற்காலம் இது என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அரண்மனையை விட்டு வெளியே வந்தால் சாந்தா குரூஸ் குடியிருப்பு. ஒருகாலத்தில் யூதர்கள் வாழ்ந்த பகுதி. முகப்பு முடிந்து 27 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன; 1391 ஜூனில் கூட்டம் புகுந்து தாக்கியது. பலர் கொல்லப்பட்டார்கள், பலர் உயிருக்குப் பயந்து மதம் மாறினார்கள். 1502இல் காஸ்தில் நாட்டு முஸ்லிம்களுக்கும் மதம் மாற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்ற கட்டளை வந்தது. கைவேலையை மதிப்பது ஒன்று, கைகளுக்குரிய மனிதரை மதிப்பது வேறொன்று. செவீயாவின் சுவர்கள் முதலாவதற்கே சாட்சி.

சாந்தா குரூஸ் சந்துகளில் நடக்கும்போதும் இதே கவனம் வேண்டும். கோடையில் 40 பாகையைத் தாண்டும் ஊரில், இரு வீட்டுச் சுவர்களும் நெருங்கி நின்று தெருவுக்கு நிழல் தருகின்றன. இந்தக் குறுகல் பழையது. ஆனால் சிறு சதுக்கங்கள், பூந்தொட்டிகள், அலங்கார ஓடுகள் என்று நாம் படமெடுக்கும் பலவும், 1929இல் இங்கே நடந்த ஐபீரிய-அமெரிக்கக் கண்காட்சியை ஒட்டி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தி அமைக்கப்பட்டவை.

போகிறவர்கள் அல்காசருக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்துவைத்து, காலை முதல் வேளையிலேயே உள்ளே போய்விடுங்கள். நடுப்பகலில் சியெர்பெஸ் கடைத்தெருவுக்கு நகருங்கள்; கோடையில் தெருவின் குறுக்கே துணிப்பந்தல் கட்டியிருப்பார்கள். சாயங்காலம் தாபாஸ் கடைகளில் சிறு தட்டுகளாக வாங்கி, நின்றபடியே ஒவ்வொன்றாகச் சுவைக்கலாம். எந்தச் சுவரின் முன் நின்றாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஆண்டு? யார் கட்டச் சொன்னது? யார் கை வேலை செய்தது? இந்த ஊரில் மூன்றுக்கும் ஒரே பதில் வருவது அபூர்வம். பதில்கள் பிரியும் இடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நில்லுங்கள். செவீயாவில் பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.